தலையில் முடி கொட்டிய வட்டம்: புழுவெட்டா, பொடுகா, படையா? கண்டறிவது முதல் மாத்திரை முடிப்பது வரை

பிள்ளையின் தலையில் ஒரு ரூபாய் அகலத்துக்கு முடி இல்லாத வட்டம் தெரிந்தால், தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்ப்புறங்களில் முதலில் வாயில் வருவது ‘புழுவெட்டு’. சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்ப்பார்கள். யாராவது ஆற்றுத்தும்மட்டிக் காய் தேடிக் கொண்டுவருவார்கள். அதிலும் கேட்காவிட்டால் மருந்துக்கடையில் ஒரு டியூப் களிம்பு. இரண்டு மாதத்தில் வட்டம் உள்ளங்கை அகலமாகியிருக்கும். தங்கச்சி தலையிலும் ஒன்று முளைத்திருக்கும். புழுவெட்டு ஒட்டாது. ஒட்டியிருந்தால் அது பூஞ்சைப் படை.

பெயர் மாறினால் மருந்தும் தலைகீழாகிவிடும். புழுவெட்டில் புழுவும் இல்லை, பூஞ்சையும் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடிவேரைத் தாக்குகிறது. அதற்கு ஸ்டீராய்டு மருந்து. அதே ஸ்டீராய்டு களிம்பைப் படையில் பூசினால் அரிப்பும் சிவப்பும் அடங்கும், பூஞ்சை மட்டும் நிம்மதியாகப் பரவும். தலைப் படையில் பூஞ்சை தோலின் மேல் மட்டும் உட்கார்ந்திருப்பதில்லை. முடித்தண்டுக்குள் புகுந்து, தோலுக்கு அடியில் வேர்ப்பை வரை இறங்கியிருக்கும். எண்ணெய், களிம்பு, சாறு எதுவும் அந்த ஆழத்துக்குப் போகாது. வாய்வழி மாத்திரை, பிள்ளையின் எடைக்கு ஏற்ற அளவில், வாரக்கணக்கில் வேண்டும். மாத்திரை இல்லாமல் தலைப் படையைக் குணப்படுத்துகிறேன் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

முதலில் வீட்டு வாசலில் உட்கார வைத்துப் பாருங்கள்

முந்தின நாள் எண்ணெய் வைக்காதீர்கள். எண்ணெய் ஊறிய தலையில் செதில் படிந்து மறைந்துவிடும். காலை வெயில் விழும் திண்ணையில் பிள்ளையை உட்கார வைத்து, சீப்பின் காம்பால் முடியை வகிடு வகிடாகப் பிரித்து, உச்சியிலிருந்து பிடரி வரை பாருங்கள். ஒரு வட்டம் கண்டதும் நிறுத்திவிடக் கூடாது. பின்னந்தலையில் சின்னதாக இன்னும் இரண்டு இருக்கும்.

வட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. படையில் முடி வேரோடு உதிராது, ஒடியும். தோல் மட்டத்திலேயே ஒடிந்தால் மிளகுத்தூள் தூவிய மாதிரி கரும்புள்ளிகள் தெரியும். சற்று மேலே ஒடிந்தால் அறுத்த வயலின் தாள் போல மங்கலான, சாம்பல் பூத்த குச்சிகள் நிற்கும். அந்தக் குச்சியை நகத்தால் பிடித்து மெல்ல இழுத்தால் வலிக்காமல் கையோடு வரும். சுற்றிலும் சாம்பல் நிறச் செதில் இருக்கும். பிறகு பிடரியிலும் காதுக்குப் பின்னாலும் விரலால் தடவிப் பாருங்கள். வேர்க்கடலைப் பருப்பு போல நெறி கட்டியிருக்கும். செதில், முடி ஒடிதல், நெறி இந்த மூன்றும் ஒரு சின்னப் பிள்ளையிடம் சேர்ந்து இருந்தால் அநேகமாக அது படைதான்.

புழுவெட்டில் வட்டம் வழுவழுவென்று, குழந்தையின் கன்னம் போல இருக்கும். செதில் இல்லை, அரிப்பு இல்லை. ஓரத்தில் நிற்கும் சில முடிகள் அடியில் மெலிந்து மேலே தடித்து ஆச்சரியக்குறி வடிவில் இருக்கும்.

பொடுகில் தலை முழுக்க மாவு உதிரும், ஆனால் வட்டமாக முடி போகாது. இங்கே ஓர் எச்சரிக்கை: பொடுகு பருவ வயதுக்குப் பிறகு வரும் தொல்லை. மூன்று வயதிலிருந்து பத்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு ‘பொடுகு’ என்று தோன்றினால் அதைப் படை என்று சந்தேகித்துக்கொண்டே பார்க்க வேண்டும். சில பிள்ளைகளுக்குப் படை முடி கொட்டாமல் வெறும் செதிலாக மட்டுமே இருக்கும்.

சொரியாசிஸ் தடிப்பான வெள்ளிச் செதிலாக முடிக்கோட்டைத் தாண்டி நெற்றியிலும் தெரியும். முழங்கை, முழங்கால்களையும் பாருங்கள். பேன் அதிகமாகிச் சொறிந்து புண்ணானாலும் பிடரியில் நெறி கட்டும், ஆகவே ஈறு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பிள்ளை தானே முடியைப் பிடுங்கும் பழக்கத்தில் வட்டம் கோணல்மாணலாக இருக்கும். முடிகள் ஒன்றுக்கொன்று வேறு வேறு நீளத்தில் நிற்கும்.

போர் தண்ணீரால் வந்தது என்று இந்தப் பக்கத்தில் பலர் சொல்வதுண்டு. நம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது உண்மைதான், ஆனால் அது பல்லையும் எலும்பையும் கெடுக்கும். தலையில் வட்டம் போடாது.

சோதனைக்குப் போகும்போது

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் தோல் நோய்ப் பிரிவு உண்டு. வத்தல்மலையிலிருந்தோ சித்தேரியிலிருந்தோ இறங்கி வருகிறவர்களுக்கு ஒரு முழுநாள் போய்விடும், அதனால் ஒரே நடையில் வேலை முடிய வேண்டும். மூன்று காரியம் செய்யுங்கள். போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே எந்தக் களிம்பும் மருந்து ஷாம்புவும் போடாதீர்கள். பூசினால் பூஞ்சை இருந்தும் சோதனையில் தெரியாமல் போகலாம். இதுவரை கொடுத்த மருந்தின் அட்டையையும் டியூபையும் கையில் எடுத்துப் போங்கள். வீட்டில் கன்றுக்குட்டி, பூனை, நாய் இருந்தால், வேறு யாருக்காவது தொடையிடுக்கிலோ உடம்பிலோ படை இருந்தால், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

மருத்துவர் மழுங்கலான கத்தியால் செதிலைச் சுரண்டி, ஒடிந்த முடிக்குச்சிகளை இடுக்கியால் எடுப்பார். நல்ல நீளமான முடியை வெட்டிக் கொடுத்துப் பயனில்லை. பூஞ்சை குட்டைக்குச்சியில்தான் இருக்கும். கண்ணாடித் தகட்டில் வைத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விட்டால், இருபது முப்பது நிமிடத்தில் முடி இளகிவிடும். பிறகு நுண்ணோக்கியில் பார்த்தால், சில வகைப் பூஞ்சையில் முடியின் உள்ளே வித்துகள் நிறைந்து, மூட்டைக்குள் கேழ்வரகு கொட்டி வைத்தது போல இருக்கும். வேறு சில வகையில் வித்துகள் முடியின் வெளியே ரவையில் புரட்டியது போல ஒட்டியிருக்கும். இது அன்றைக்கே தெரிந்துவிடும்.

எந்த இனம் என்று அறிய வளர்ப்புச் சோதனை வேண்டும். அதற்கு நான்கு வாரம் வரை ஆகலாம். அறிகுறி தெளிவாக இருந்தால் அதுவரை காத்திருக்காமல் மாத்திரையைத் தொடங்குவதுதான் முறை. முடிவு வந்ததும் மருந்தை மாற்ற வேண்டுமா என்று பார்த்துக்கொள்ளலாம்.

சில இடங்களில் இருட்டறையில் ஊதா ஒளி விளக்கு அடித்துப் பார்ப்பார்கள். பூனை, நாயிடமிருந்து வரும் மைக்ரோஸ்போரம் பச்சையாக ஒளிரும். நம் நாட்டில் பிள்ளைகளுக்கு அதிகம் வரும் டிரைக்கோஃபைட்டான் வயலேசியம் ஒளிராது. ஆகவே விளக்கில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் படை இல்லை என்று ஆகாது.

மாத்திரை: எவ்வளவு, எத்தனை நாள், எதோடு

சீட்டு எழுத வேண்டியவர் மருத்துவர்தான். ஆனால் கணக்குத் தெரிந்திருந்தால், எழுதியது பிள்ளையின் எடைக்குச் சரியா என்று நீங்களே ஒரு கேள்வி கேட்கலாம். பிள்ளையின் எடையை அன்றே பாருங்கள், போன வருடத்து எடை உதவாது.

டெர்பினாஃபின்: 250 மி.கி. மாத்திரையாகக் கிடைக்கும். எடை 20 கிலோவுக்குள் இருந்தால் நாளுக்குக் கால் மாத்திரை, அதாவது 62.5 மி.கி. 20 முதல் 40 கிலோ வரை அரை மாத்திரை. 40 கிலோவுக்கு மேல் முழு மாத்திரை. ஒரே வேளை, பொதுவாக நான்கு வாரம். சில மருத்துவர்கள் ஆறு வாரம் வரை நீட்டுவார்கள். டிரைக்கோஃபைட்டான் வகைக்கு இது நன்றாகக் கேட்கும். மாத்திரையைக் கத்தியால் நான்காக்கினால் ஒரு துண்டு பெரிதும் ஒரு துண்டு பொடியுமாகப் போகும். மருந்துக்கடையில் மாத்திரை வெட்டும் சின்னப் பெட்டி கிடைக்கும், வாங்கிவிடுங்கள். முதலில் பாதி, பிறகு அந்தப் பாதியைப் பாதி. துண்டை வாழைப்பழத்தில் பொதிந்து கொடுக்கலாம். புளிப்பான பழச்சாற்றில் கலக்க வேண்டாம். நாக்கில் ருசி தெரியாமல் போவது சிலருக்கு வரும், மருந்து நின்றபின் மெல்லத் திரும்பும். தொடங்கும் முன் ஈரலுக்கான ரத்தப் பரிசோதனை கேட்பார்கள். கண் மஞ்சளானாலோ சிறுநீர் கருத்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே போய்க் காட்டுங்கள்.

கிரிசியோஃபல்வின்: பழைய மருந்துதான், ஆனால் மைக்ரோஸ்போரத்துக்கு இதுவே மேல். வீட்டில் பூனைக்குட்டி இருந்தால் மருத்துவர் இதை எடுக்க அதுவே ஒரு காரணம். கிலோவுக்கு 20 முதல் 25 மி.கி., நாள்தோறும், ஆறிலிருந்து எட்டு வாரம். 20 கிலோ பிள்ளைக்கு 400 முதல் 500 மி.கி.; 250 மி.கி. மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று. எட்டு வாரத்துக்கு 112 மாத்திரை ஆகும். பத்து மாத்திரை அட்டை இரண்டோடு முடிந்துவிட்டது என்றால் வைத்தியம் பாதியைக்கூடத் தொடவில்லை. பழைய கணக்கில் கிலோவுக்கு 10 மி.கி. மட்டும் எழுதுவதும் உண்டு. தலைப் படைக்கு அது பெரும்பாலும் போதாது.

இந்த மருந்தில் பலர் கோட்டைவிடும் இடம் சாப்பாடு. கிரிசியோஃபல்வின் கொழுப்போடு சேர்ந்தால்தான் குடலில் ஏறும். ராகிக் களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்ட கையோடு போட்டால், வயிறு நிறைந்திருக்கும், மருந்து பாதிக்கு மேல் வீணாகும். களியை மாற்ற வேண்டியதில்லை. அதோடு ஒரு முட்டை, அல்லது ஆடை எடுக்காத பால் ஒரு டம்ளர், அல்லது ஒரு கைப்பிடி வேர்க்கடலை சேர்த்தால் போதும். தண்ணீர் கலந்த பால் கணக்கில் வராது.

வலிப்புக்கு ஃபீனோபார்பிட்டோன் சாப்பிடும் பிள்ளைக்குக் கிரிசியோஃபல்வின் அளவு ரத்தத்தில் குறைந்துவிடும், மருத்துவரிடம் சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்கு இந்த மருந்து கூடவே கூடாது. கருத்தடை மாத்திரையின் பலனையும் இது குறைக்கும். ஆண்கள் மருந்து முடிந்து ஆறு மாதம் வரை குழந்தைக்குத் திட்டமிடக் கூடாது. தலைவலி, வயிற்றுப் பிரட்டல் முதல் சில நாள் இருக்கலாம். வெயில் பட்டால் தோல் சிவக்கும்.

இட்ராகொனசோல், ஃபுளுகொனசோல் இரண்டும் அடுத்த வரிசை. கெட்டோகொனசோலை மட்டும் மாத்திரையாக வாங்காதீர்கள். ஈரல் பாதிப்பால் 2013-இல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் அதற்குக் கடிவாளம் போட்டன. ஷாம்புவாகத் தலைக்குப் போட அது நல்ல மருந்து.

மாத்திரை தொடங்கிய முதல் வாரத்தில் காது மடல், கழுத்து, முதுகில் சின்னச் சின்னப் பொரிகள் கிளம்பி அரிக்கலாம். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலும் அது செத்துக்கொண்டிருக்கும் பூஞ்சைக்கு உடம்பு காட்டும் எதிர்வினை. மருந்தைத் தொடர்ந்தால் தானாக அடங்கும். ஆனாலும் மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். காய்ச்சல், வாய்ப்புண், முகவீக்கம், மூச்சுத்திணறல் சேர்ந்து வந்தால் அது வேறு. மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

கொழகொழவென்று கட்டியானால் கீறக் கூடாது

சில பிள்ளைகளுக்கு வட்டம் வீங்கி, தொட்டால் பஞ்சு மாதிரி அமுங்கி, முடிக்கால்கள் வழியே சீழ் கசியும். காய்ச்சலும் வரலாம். பார்க்கிற யாருக்கும் சீழ்க்கட்டி என்றே தோன்றும். கீறிவிடுவார்கள், இல்லாவிட்டால் ஆன்டிபயாட்டிக் ஊசி போடுவார்கள். கட்டி வற்றாது. இதுவும் படைதான், உடம்பு அதை மூர்க்கமாக எதிர்ப்பதால் வந்த வீக்கம். கீறினால் உள்ளே வடிக்கப் பெரிதாக ஒன்றும் இருக்காது. தழும்பு மட்டும் மிச்சமாகும். வேண்டியது அதே பூஞ்சை மாத்திரை, சற்றுக் கூடுதல் நாள். பொருக்கை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் பத்து நிமிடம் ஒற்றி ஊற வைத்து, தானாக வருவதை மட்டும் எடுங்கள். வலி கடுமையாக இருந்தால் சில நாளுக்கு ஸ்டீராய்டு மாத்திரையும், பாக்டீரியா சேர்ந்திருந்தால் ஆன்டிபயாட்டிக்கும் மருத்துவர் சேர்ப்பார். பூஞ்சை மாத்திரையை விட்டுவிட்டு அவை மட்டும் என்றால் தவறு. இந்த வகையில் தாமதித்த ஒவ்வொரு வாரத்துக்கும் விலை உண்டு: வேர்ப்பை சிதைந்து தழும்பான இடத்தில் முடி திரும்ப முளைக்காது.

இந்தக் கட்டி பல சமயம் மாட்டுக்கொட்டகையிலிருந்து வருகிறது. கன்றுக்குட்டியின் கண்ணைச் சுற்றியும் காதிலும் கழுத்திலும் சாம்பல் வெள்ளையாகப் பொருக்கு தட்டியிருக்கிறதா பாருங்கள். போச்சம்பள்ளிச் சந்தையில் புதிதாக வாங்கி வந்த கன்று என்றால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். பிள்ளைகள் கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விளையாடும், தலை உரசும். கன்றைக் கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள், ஆறும் வரை பிள்ளையை விலக்கி வையுங்கள். கன்றுக்குச் சில மாதத்தில் தானாகவே ஆறிவிடும், ஆனால் கட்டுத்தறி மரத்தில் வித்துகள் வருடக்கணக்கில் கிடக்கும். கழுவிச் சுண்ணாம்பு அடிக்காமல் அடுத்த கன்றைக் கட்டாதீர்கள்.

ஷாம்பு, சீப்பு, மொட்டை, பள்ளிக்கூடம்

ஷாம்பு படையைக் குணப்படுத்தாது, மேலே உதிரும் வித்துகளைக் குறைத்து மற்றவருக்குப் பரவாமல் தடுக்கும். கெட்டோகொனசோல் 2 சதவீதம் அல்லது செலினியம் சல்ஃபைடு, வாரம் இரண்டு முறை. தலையை நனைத்து, இரண்டு தேக்கரண்டி அளவு எடுத்து, முடியில் இல்லாமல் தோலில் படும்படி தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். போட்டதும் அலசிவிட்டால் வெறும் சோப்பு போட்ட பலன்தான். வீட்டில் எல்லோருமே சில வாரம் இதைப் போடுவது நல்லது. அறிகுறி இல்லாமலே பூஞ்சையைத் தலையில் சுமப்பவர்கள் உண்டு. ஒரு பிள்ளை குணமாகி மூன்று மாதத்தில் திரும்ப வருவதற்கு அதுவே காரணமாகிறது.

சீப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆளுக்கொன்று புதிதாக வாங்குங்கள், அதைச் சுத்தம் செய்யும் பாடு மிச்சம். தலையணை உறை, துண்டு இவற்றைச் சுடுதண்ணீரில் துவைத்து நல்ல வெயிலில் காய வையுங்கள். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் குளிரில் ஒரே குல்லாவை அண்ணனும் தம்பியும் மாற்றி மாற்றிப் போடுவார்கள். அதை நிறுத்த வேண்டும்.

மொட்டை அடித்தால் குணமாகும் என்பது தவறு. பூஞ்சை தோலுக்குக் கீழே இருக்கிறது, கத்தி அதைத் தொடாது. சிராய்ப்பில் இன்னும் நாலு இடத்துக்குப் பரவும். குலதெய்வத்துக்கு முடி இறக்கும் வேண்டுதல் இருந்தால் மருந்து முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் வரிசையாக மொட்டை அடிக்கும் இடத்தில் ஒவ்வொரு தலைக்கும் புது பிளேடு மாற்றுகிறார்களா என்று நின்று பாருங்கள். முடிதிருத்தும் கடையில் மெஷினின் பல்தான் ஆபத்து. கிருமிநாசினியில் துடைக்கச் சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

மாத்திரையும் ஷாம்புவும் தொடங்கிவிட்டால் பிள்ளை பள்ளிக்குப் போகலாம். வட்டத்தைக் காரணம் காட்டி வீட்டில் உட்கார வைக்கத் தேவையில்லை. விடுதிப் பிள்ளை என்றால் பக்கத்தில் படுக்கும் பிள்ளைகளின் தலையையும் காப்பாளர் பார்த்துவிட வேண்டும்.

பெரியவர்களின் பொடுகு

இதற்கு மாத்திரை பொதுவாகத் தேவையில்லை. இது தோலின் எண்ணெய்ப் பசையில் வாழும் மலசீசியா என்ற ஈஸ்டோடு சம்பந்தப்பட்ட தொல்லை. எல்லோர் தலையிலும் அது உண்டு, சிலர் தோல் மட்டும் அதோடு ஒத்துப்போவதில்லை. அதே கெட்டோகொனசோல் ஷாம்பு வாரம் இரண்டு முறை, இரண்டிலிருந்து நான்கு வாரம். அடங்கியபின் ஒரு வாரம் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அடங்கியதும் அடியோடு விட்டால் திரும்பும். எண்ணெய் அந்த ஈஸ்டுக்குச் சாப்பாடு. பொடுகுத் தலைக்கு இரவெல்லாம் தேங்காய் எண்ணெய் ஊற வைப்பது எதிரிக்குப் பந்தி போடுவதுதான். ஒகேனக்கல்லில் எண்ணெய் மசாஜ் செய்துகொண்டாலும், பொடுகு மும்முரமாக இருக்கும்போது தலையை விட்டுவிட்டு உடம்புக்கு மட்டும் என்று சொல்லுங்கள். பெரியவர் தலையில் முடி கொட்டிய வட்டமே இருந்தால், குறிப்பாக வயதான பெண்களுக்கோ சர்க்கரை நோயாளிக்கோ, அதைப் பொடுகு என்று தள்ளாமல் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

நான்காவது வாரத்தில் திரும்பப் பாருங்கள்

மறுபடி அதே திண்ணை, அதே வெயில். செதில் குறைந்து, நெறி சுருங்கி, வட்டத்தில் மெல்லிய முடி தலைகாட்டினால் மருந்து வேலை செய்கிறது. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும், வட்டம் மூட மூன்று மாதம் ஆகலாம். முடி வந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தாதீர்கள். செதிலைத் திரும்பச் சோதித்து, பூஞ்சை இல்லை என்று வந்தபின்தான் நிறுத்த வேண்டும். தலை நன்றாகத் தெரிந்தும் சோதனையில் பூஞ்சை இருந்தால் அதே மருந்தை இன்னும் இரண்டு முதல் நான்கு வாரம் நீட்டுவார்கள். தலையிலேயே மாற்றம் இல்லையென்றால் காரணம் தேட வேண்டும்: எடைக்குக் குறைந்த அளவா, விட்டுவிட்டுக் கொடுத்ததா, வெறும் களியோடு கொடுத்ததா, வீட்டில் இன்னொரு தலையிலிருந்து திரும்ப ஒட்டியதா, நோயே வேறா. இத்தனையும் இல்லை என்றால் மருந்துக்கு மசியாத பூஞ்சையாக இருக்கலாம். இந்தியாவில் உடம்புப் படையில் டெர்பினாஃபினுக்கு அடங்காத இனம் பரவியிருக்கிறது. அப்பாவின் தொடையிடுக்குப் படை மாதக்கணக்கில் ஆறாமல் இருப்பதைப் பிள்ளையின் மருத்துவரிடம் சொல்ல வேண்டியது அதனால்தான்.

அந்தத் தொடையிடுக்குக்கு அப்பா பூசும் டியூபைத் திருப்பிப் பெயரைப் படியுங்கள். குளோபெட்டாசோல், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு சேர்ந்த கலவை. 2018 முதல் இவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, ஆனாலும் கேட்டால் கிடைத்துவிடுகிறது. பிள்ளையின் தலைக்கு அதிலிருந்து ஒரு சொட்டும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பூசியிருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வட்டத்தின் அடையாளங்களை அது கலைத்திருக்கும், அவர் அதற்கேற்பப் பார்ப்பார்.